பறை அடி வயலினில் ஏறுமா? கிராமத்துப் பாட்டும் ஆட்டமும் 'சேம்பர் மியூசிக்' ஆகும் கதை

வைகாசி முதல் தேதி குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு திருவிழாவுக்குப் போனவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். ஊர்வலம் கண்ணில் படும் முன்பே மேளம் வந்து சேர்ந்துவிடும். அதுவும் காதில் விழுவதற்கு முன் நெஞ்சில் விழும். தெரு ஓரத்தில் சும்மா வேடிக்கை பார்க்க நின்றவர் காலும் தானாக ஆட ஆரம்பிக்கும்.

அந்த அடியை அப்படியே ஓர் அமைதியான அறைக்குள் கொண்டுபோக முடியுமா? அறையில் இருப்பது இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. மேளமே கிடையாது. எதிரே உட்கார்ந்திருக்கும் நூறு பேரும் இருமக்கூட யோசிக்கிறார்கள்.

கேட்க விளையாட்டாகத்தான் இருக்கும். ஆனால், ஐரோப்பாவில் நூறு வருடங்களுக்கு முன்பே இந்தக் கேள்வியைச் சிலர் கையில் எடுத்து, காடு மேடெல்லாம் அலைந்து பதில் எழுதிவிட்டார்கள். நம்மூரில் அந்தப் பதில் ஏன் பாதியிலேயே நிற்கிறது? அதற்கான காரணத்தில் கொஞ்சம் இசை இருக்கிறது, நிறைய தோல் இருக்கிறது. அதனால்தான் வேலூர், ஆம்பூர் பக்கத்து வாசகர்களுக்கு இது அடுத்த தெரு விஷயம்.

சேம்பர் மியூசிக்... அப்படின்னா?

'சேம்பர்' என்றால் அறை. பெரிய அரங்கில் எண்பது, நூறு பேர் சேர்ந்து வாசிப்பது ஆர்கெஸ்ட்ரா. அரண்மனை அறையிலோ வீட்டுக் கூடத்திலோ இரண்டு பேரில் இருந்து எட்டு, ஒன்பது பேர் வரை உட்கார்ந்து வாசிப்பது சேம்பர் மியூசிக். நடத்துநர் கிடையாது. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரே ஒரு ஆள்தான். அவர் தவறினால் காப்பாற்றப் பக்கத்தில் ஆள் இல்லை. இதில் ரொம்பப் பிரபலமானது நால்வர் தந்திக் குழு. அதாவது, மேலே சொன்ன இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ.

ஒருவரை ஒருவர் கண்ணால் பார்த்துக்கொண்டே வாசிக்கிற இசை என்பதால், நம்ம கர்நாடகக் கச்சேரியும் இதற்கு ஒருவகையில் சொந்தக்காரன்தான். பாடகர், வயலின், மிருதங்கம், கூட ஒரு கடம். மைக் வருவதற்கு முன் அதுவும் கூடத்தில் நடந்த கச்சேரிதானே.

தமிழில் 'அறை' என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. 'பறை அறைந்தான்' என்கிறோமே, அந்த அறை. அடித்துச் சொல்வது. அறைக்குள் அறையப்படும் இசையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை முழுக்கப் பேசப்போகிறோம்.

வேலைக்கு வந்த பெண் பாடிய பாட்டு

1904-ம் ஆண்டு. ஹங்கேரியைச் சேர்ந்த 23 வயது இளைஞர் பெலா பார்டோக் கோடை காலத்தில் ஒரு கிராமப்புற வீட்டில் தங்கியிருந்தார். பியானோவில் கெட்டிக்காரர். அங்கே குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த லிடி டோஷா என்ற இளம்பெண் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தார். பக்கத்து அறையில் இருந்த பார்டோக் வாசிப்பதை நிறுத்திவிட்டார். நகரத்து ஹோட்டல்களில் 'ஹங்கேரிய இசை' என்று அவர் அதுவரை கேட்டிருந்ததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அந்தப் பெண்ணிடம் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார்.

அதன்பிறகு நடந்ததுதான் வரலாறு. எடிசன் கண்டுபிடித்த ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு, நண்பர் சோல்டான் கோடாய் ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம் எனக் கிராமம் கிராமமாகக் கிளம்பினார்கள். விவசாயக் கூலிகள், ஆடு மேய்ப்பவர்கள், கல்யாண வீட்டு ஃபிடில்காரர்கள் என யார் பாடினாலும் வாசித்தாலும் மெழுகு உருளையில் பதிவானது. ஆயிரக்கணக்கான மெட்டுகள். 1915-ல் எழுதிய 'ருமேனிய நாட்டுப்புற நடனங்கள்' அந்த அலைச்சலின் விளைச்சல். முதலில் பியானோவுக்கு எழுதினார். பிறகு அது வயலின்-பியானோ, தந்திக் குழு, ஆர்கெஸ்ட்ரா எனப் பல உருவம் எடுத்தது. மொத்தமாகவே ஆறு நிமிடம்தான் இருக்கும். முதல் நடனமே கம்பு வைத்து ஆடும் ஆட்டம். சிலம்பம் பார்த்து வளர்ந்தவர்கள் கேட்டுப்பார்க்கலாம், தாளத்தில் அந்தக் கால் எடுப்பு தெரியும்.

கிராமத்து இசையை இசையமைப்பாளர் மூன்று விதமாகப் பயன்படுத்தலாம் என்று பார்டோக் பின்னாளில் விளக்கினார். ஒன்று, மெட்டை அப்படியே எடுத்து அதற்குப் பின்னணி சேர்ப்பது. இரண்டு, அதே பாணியில் சொந்தமாக ஒரு மெட்டைக் கட்டுவது. மூன்றாவதுதான் கஷ்டம். மெட்டும் எடுக்காமல், போலியும் செய்யாமல், அந்த இசையைத் தாய்மொழி மாதிரி பேசக் கற்றுக்கொள்வது.

மூன்றாவது வகைக்கு அவரே எழுதிய உதாரணம் இருக்கிறது. 1934-ல் எழுதிய ஐந்தாவது நால்வர் இசையின் நடுப்பகுதிக்கு 'பல்கேரிய பாணியில்' என்று பெயர் வைத்தார். ஒரு சுற்றுக்கு ஒன்பது அட்சரம். அதை மூன்று மூன்றாகப் பிரிக்காமல் 4, 2, 3 என்று பிரிக்கிறார். மேற்கத்திய வாசிப்பாளர்கள் திணறிப்போன கணக்கு இது. மிருதங்கம் கற்கும் பிள்ளையிடம் கேளுங்கள், சிரிக்கும். 'தகதிமி தக தகிட' என்று கைவிரல் மடக்கிச் சொல்லிவிடும். நாம் சங்கீர்ணம் என்று சொல்வதும் இதே ஒன்பதுதான். பல்கேரியாவின் வயல்காட்டு ஆட்டமும் நம்ம சொற்கட்டும் ஒரே கணக்கில் வந்து உட்கார்ந்திருக்கின்றன.

அதற்கு முன் 1928-ல் எழுதிய நான்காவது நால்வர் இசையில் இன்னொரு வேலை செய்தார். ஒரு பகுதி முழுக்க வில்லே கிடையாது, எல்லாரும் விரலால் மீட்ட வேண்டும். சில இடங்களில் தந்தியை மேலே இழுத்து, அது கட்டையில் 'பட்' என்று அறையும்படி விட வேண்டும். இன்றைக்கும் அதற்கு 'பார்டோக் மீட்டு' என்றுதான் பெயர். வயலின் அந்த இடத்தில் கிட்டத்தட்ட ஒரு மேளம்.

அவருக்கு முன்பே செக் நாட்டு இசையமைப்பாளர் ஆண்டனின் துவோர்ஷாக் அமெரிக்காவில் ஒரு முயற்சி செய்திருந்தார். கறுப்பின மக்களின் பாடல்களில் இருந்துதான் அமெரிக்காவின் எதிர்கால இசை பிறக்கும் என்று 1893-ல் வெளிப்படையாகச் சொன்னார். அதே ஆண்டு கோடையில், அயோவா மாகாணத்தின் ஸ்பில்வில் கிராமத்தில் 'அமெரிக்கன்' நால்வர் இசையைச் சுமார் இரண்டு வாரத்தில் எழுதி முடித்தார். அந்தக் காலத்து அமெரிக்காவில் அப்படிச் சொல்வதற்கே ஒரு தைரியம் வேண்டும்.

நம்மூரில் நடக்கவே இல்லையா?

நடந்திருக்கிறது. சொல்லப்போனால் ரொம்ப முன்பே, அதுவும் தலைகீழாக. முத்துசுவாமி தீட்சிதர் சென்னை ஜார்ஜ் கோட்டை பேண்டு வாத்தியத்தில் கேட்ட ஐரோப்பிய நடன மெட்டுகளுக்கு சமஸ்கிருத வரிகள் எழுதினார். 'நோட்டுஸ்வர சாகித்யம்' என்று பெயர். அதில் 'சியாமளே மீனாட்சி' என்ற பாட்டின் மெட்டு எது தெரியுமா? எல்.கே.ஜி. பிள்ளைகள் பாடும் 'ட்விங்கிள் ட்விங்கிள்'. அடிப்படையில் அது ஒரு பிரெஞ்சு நாட்டுப் பாட்டு. மொசார்ட் அதே மெட்டை வைத்து பியானோவில் 12 விதமாக விளையாடியிருக்கிறார். ஒரே மெட்டு வியன்னாவுக்கும் மதராஸுக்கும் போய், கடைசியில் ஆம்பூர் நர்சரி பள்ளிக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

நாட்டுப்புற மெட்டு கர்நாடக மேடை ஏறியதும் புதிதல்ல. புன்னாகவராளி, செஞ்சுருட்டி, நாதநாமக்கிரியை, ஆனந்தபைரவி போன்ற ராகங்களுக்கு வேர் மக்கள் பாட்டில்தான் என்று இசை அறிஞர்கள் சொல்வார்கள். காவடி தூக்கி நடக்கிறவன் கால் தாளத்தில் பிறந்த காவடிச்சிந்து, அண்ணாமலை ரெட்டியார் கையில் இலக்கியமாகி, இன்று சபாக்களில் கச்சேரியின் கடைசிப் பகுதியில் பாடப்படுகிறது. கடைசிப் பகுதியில்தான் என்பதையும் கவனிக்க வேண்டும்.

இளையராஜா பெயரைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நகராது. பண்ணைப்புரத்தில் இருந்து அண்ணன் பாவலர் வரதராசனோடு ஊர் ஊராக மேடையில் பாடிப் பழகியவர். 1976-ல் 'அன்னக்கிளி' படத்தில் வயல்காட்டு மெட்டை வயலின் கூட்டத்தோடு சேர்த்துக் கொடுத்தார். பத்து வருடம் கழித்து, 1986-ல் 'ஹவ் டு நேம் இட்?' ஆல்பம் வந்தது. சினிமாவுக்குச் சம்பந்தமில்லாத, வாத்தியங்கள் மட்டும் பேசும் இசை. முதன்மை வயலின் வி.எஸ். நரசிம்மன். அதில் ஒரு பகுதியின் பெயரே 'சேம்பர் வெல்கம்ஸ் தியாகராஜா'. அதாவது அறை இசை தியாகராஜரை வரவேற்கிறது. கர்நாடக கிருதிகளை நால்வர் குழுவாக வாசிக்கும் மெட்ராஸ் ஸ்டிரிங் குவார்ட்டெட்டும் இதே நரசிம்மன் தலைமையிலானதுதான். 2025 மார்ச் 8-ம் தேதி லண்டனில் 'வேலியண்ட்' சிம்பொனியை இளையராஜா அரங்கேற்றியது எல்லாருக்கும் தெரிந்த செய்தி.

இதையெல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஓர் இடைவெளி கண்ணில் படும். கிராமத்து மெட்டு சினிமாவுக்குப் போனது. கர்நாடக ராகம் சேம்பருக்குப் போனது. கிராமத்து அடி, அதாவது பறையும் பம்பையும் அடிக்கிற அந்தத் தாள மொழி, அறைக்குள் போனது அபூர்வம்.

குரலுக்கு வழி விட்ட கதவு மேளத்துக்கு ஏன் திறக்கவில்லை?

இங்கேதான் தோல் வருகிறது

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம். 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது இந்த ஊர்களும் பிரிந்தன. டேனரி வாசனைக்கு மட்டும் மாவட்ட எல்லை தெரியாது. இங்கிருந்து போகும் தோல் உலகம் முழுக்கக் காலில் ஷூவாக நடக்கிறது. ஆனால், அந்தத் தோலை எடுத்துப் பறை கட்டினால் சத்தம் வராது. பலருக்குத் தெரியாத விஷயம் இது.

டேனரியில் ஆவாரம்பட்டைச் சாறோ குரோமியம் உப்போ தோலின் நார்களுக்குள் புகுந்து, அவற்றை அழுகாமல் பிணைத்து வைக்கிறது. தோல் மெத்தென்று வளையும். காலுக்கு அது சுகம். மேளத்துக்கு வேண்டியதோ நேர் எதிரான குணம். முடி நீக்கி, கொழுப்பு சுரண்டி, இழுத்துக் கட்டிக் காயவைத்த பதனிடாத தோல். காயக்காய அது இறுகும், விறைக்கும். ஒரு குறை என்னவென்றால், காற்றில் இருக்கும் ஈரத்தையும் குடித்துவிடும். ஈரம் ஏறினால் தோல் தொய்யும், சத்தம் 'தொப்' என்று விழும். அதனால்தான் பறைக்காரர்கள் அடிப்பதற்கு முன் வைக்கோலைக் கொளுத்திக் காட்டுகிறார்கள். சூட்டில் ஈரம் போய்த் தோல் முறுக்கேறும். சடங்கு மாதிரி தெரிவது உண்மையில் சுருதி கூட்டும் வேலை.

மூன்று மரத்துண்டுகளை வட்டமாகச் சேர்த்த சட்டம், புளியங்கொட்டைப் பசையில் ஒட்டிய மாட்டுத் தோல், ஒரு கையில் குட்டையான அடிக்குச்சி, மறு கையில் ஒல்லியான நீளக் குச்சி. பறை இவ்வளவுதான். மிருதங்கத்துக்கும் இதற்கும் இசைரீதியாக ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. மிருதங்கத்தின் வலந்தலையில் கறுப்பாக வட்டம் பார்த்திருப்பீர்கள். கல்லைப் பொடித்து வெந்த சோற்றோடு பிசைந்து, அடுக்கடுக்காகத் தேய்த்துப் பூசுவது. வெறும் தோலில் எழும் துணை ஒலிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் சிதறும். அந்தக் கறுப்புப் பூச்சு அவற்றை ஒழுங்குபடுத்தி, தந்தியில் வருவது போன்ற சுருதியைக் கொடுக்கிறது. இதை 1920-லேயே ஆராய்ந்து எழுதியவர் சர் சி.வி. ராமன். ஆமாம், நோபல் பரிசு வாங்கிய அதே ராமன்தான்.

பறையில் அந்தப் பூச்சு இல்லை. அதனால் குறிப்பிட்ட சுருதியும் இல்லை. வயலின் பக்கத்தில் வைத்தால் ஒட்டாது என்று சொல்கிறவர்களுக்கு இருக்கும் ஒரே நியாயமான இசைக் காரணம் இதுதான். அதுவும் ரொம்ப பலமான காரணம் என்று சொல்ல முடியாது. சுருதி இல்லாத மேளங்கள் மேற்கத்திய மேடையில் தாராளமாக இருக்கின்றன.

தோல் தீட்டு என்றால் மிருதங்கம்?

மீதிக் காரணம் நமக்குத் தெரிந்ததுதான். சாவு வீட்டில் பறை அடிப்பது ஒரு சாதியின் கட்டாய வேலை என்று ஆக்கப்பட்டது. மாட்டுத் தோலைத் தொடுகிற கை தீட்டு என்றார்கள். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களைச் சொல்லும்போது தெய்வம், உணவு, மரம், பறவை என்று அடுக்கி அந்த வரிசையிலேயே பறையையும் வைக்கிறது. உரையாசிரியர்கள் மருதத்துக்குக் கிணை, குறிஞ்சிக்குத் தொண்டகம் என்று பெயர் சொல்லி விளக்குகிறார்கள். அத்தனை நிலத்துக்கும் பொதுவாக இருந்த கருவி ஊருக்கு வெளியே தள்ளப்பட்டது எப்படி என்பது இசையை வைத்து விளக்கக்கூடியது அல்ல.

சரி, மேடையின் நடுவில் இருக்கும் மிருதங்கம் எதனால் ஆனது? பசு, ஆடு, எருமை என மூன்றின் தோலும் அதில் உண்டு. அதைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் தலித் கிறிஸ்தவக் குடும்பத்தினர். பாலக்காடு மணி ஐயரின் மிருதங்கத்துக்குப் பின்னால் பர்லாந்து என்ற கைவினைஞர் இருந்தார். அவரைப் போன்றவர்களின் கதையை டி.எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற புத்தகமாக எழுதினார். 2020 பிப்ரவரியில் அதன் வெளியீட்டு விழா சென்னை கலாக்ஷேத்ராவில் நடப்பதாக இருந்தது. கொடுத்த அனுமதியை நிர்வாகம் திரும்பப் பெற்றது. விழா வேறு இடத்தில் நடந்தது. மிருதங்கத்தின் தோலைப் பற்றிப் பேசும் புத்தகத்துக்கே அந்த நிலை.

வேலூருக்கும் இதில் பங்கு உண்டு. இந்த ஊர்ப் பெயரைக் கர்நாடக மேடையில் நிலைநிறுத்தியவர் ஒரு மிருதங்க வித்வான், வேலூர் ஜி. ராமபத்ரன். பாடகரை அழுத்தாமல், கூடவே நடந்து வருகிற வாசிப்பு என்று ரசிகர்கள் கொண்டாடியவர். 2004-ல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது கிடைத்தது. ஒரே மண்ணில் ஒரு தோல் கருவி சங்கீத கலாநிதி வரை போயிருக்கிறது. இன்னொன்று சிரசு ஊர்வலத்தோடு நின்றிருக்கிறது.

பறையைக் கையில் எடுப்பதா, கைவிடுவதா என்று தலித் இயக்கங்களுக்குள்ளேயே நீண்ட விவாதம் நடந்திருக்கிறது. அடிமைத்தனத்தின் அடையாளம் என்று தூக்கி எறிந்தவர்கள் உண்டு. திண்டுக்கல் சக்தி கலைக்குழு, சென்னை புத்தர் கலைக்குழு போன்றவர்கள் அதையே விடுதலையின் கருவியாக மேடைக்குக் கொண்டுவந்தார்கள். 2025-ல் மதுரையைச் சேர்ந்த பறை இசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. அதே பட்டியலில் பழைய வட ஆற்காட்டுப் பகுதியான புரிசையின் தெருக்கூத்துக் கலைஞர் கண்ணப்ப சம்பந்தனும் இருந்தார். கூத்தும் கர்நாடக இசையும் ஒரே மேடையில் கலந்த 'கர்நாடிக் கட்டைக்கூத்து' நிகழ்ச்சியை டி.எம். கிருஷ்ணாவும் காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் இயங்கும் கட்டைக்கூத்து சங்கமும் சேர்ந்து நடத்தியதும் இந்த வழியில் குறிப்பிட வேண்டிய ஒன்று.

எழுதினால் பணம் யாருக்கு?

நாளைக்கே ஒருவர் பம்பை அடியை நால்வர் தந்திக் குழுவுக்கு எழுதி, அது ஸ்பாட்டிஃபையில் ஓடினால் என்ன ஆகும்? இந்தியக் காப்புரிமைச் சட்டம், 1957-ன்படி, இன்னார் எழுதியது என்று சொல்ல முடியாத பழைய நாட்டுப்புற மெட்டுக்கு உரிமையாளர் கிடையாது. அதைப் புதிதாக அமைத்து எழுதியவருக்கு, அந்த அமைப்பின் மீது உரிமை உண்டு. அப்போ, அடித்துக் காட்டிய ஆசான்?

அவருக்கும் சட்டத்தில் ஓர் இடம் இருக்கிறது. நிகழ்த்துகிறவருக்கான உரிமை என்று தனியாக உண்டு. அவர் வாசிப்பைப் பதிவு செய்ய அவர் சம்மதம் வேண்டும். அந்த உரிமை 50 ஆண்டுகள் நீடிக்கும். தன் பெயரைச் சொல்லக் கேட்கும் உரிமையும் அவருக்கு இருக்கிறது. ஆனால், செல்போனில் பதிந்துகொண்டு போய், கேட்டதை அப்படியே நோட்ஸ் எழுதினால், பதிவைப் பயன்படுத்தாதவரை இந்தப் பாதுகாப்பும் பெரிதாகக் கைகொடுக்காது. ஆகவே முதல் நாளே பெயரையும் பங்கையும் தாளில் எழுதிக்கொள்வதுதான் ஆசான்களுக்குப் பாதுகாப்பு. லிடி டோஷாவின் பெயர் நமக்குத் தெரிவதற்கும், பார்டோக் அதை எழுதி வைத்தார் என்பதுதான் காரணம்.

அப்படியானால் எப்படித்தான் எழுதுவது?

பார்டோக் சொன்ன மூன்று வழியும் இங்கே செல்லும். சுலபமான வழி, கூத்துப் பாட்டின் மெட்டை வயலினுக்குக் கொடுத்து, செல்லோவை அடியில் ஓட விடுவது. அடுத்தது, அடியை மட்டும் எடுப்பது. அடிக்குச்சியின் கனத்த சத்தத்துக்கு செல்லோவின் அறையும் மீட்டு. ஒல்லிக் குச்சியின் 'சள சள'வுக்கு, வில்லைத் திருப்பி அதன் கட்டையால் தந்தியில் தட்டும் முறை. இரண்டுக்கும் மேற்கத்திய எழுத்து முறையில் ஏற்கெனவே குறியீடு இருக்கிறது, புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

எழுத்தில் அடங்காத சிக்கலும் ஒன்று உண்டு. பறையாட்டத்தில் அடிப்பவரே ஆடவும் செய்கிறார். கால் எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்து அடி ஒரு மயிரிழை முந்தும், பிந்தும். நாற்காலியில் உட்கார்ந்து நோட்ஸ் பார்த்து வாசித்தால் அந்த மயிரிழை காணாமல் போய்விடும். இதற்கு ஆசானையும் குழுவில் ஐந்தாவது ஆளாக உட்கார வைப்பது, அதாவது நிற்க வைப்பது, நேரான வழி.

அப்படி நிற்க வைத்தால் வரும் முதல் பிரச்சினை ரொம்பச் சாதாரணமானது. வயலின்காரர்கள் மேடையில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் சுருதி சேர்த்துக்கொள்வார்கள். பறைக்குத் தீ வேண்டும். ஏ.சி. அரங்குக்குள் வைக்கோல் கொளுத்த எந்த நிர்வாகமும் சம்மதிக்காது. வாசலில் காய்ச்சிக் கொண்டுவந்தாலும் நேரம் ஆக ஆகத் தோல் இறங்கும். இப்போது நிறையக் குழுக்கள் தீயே தேவைப்படாத ஃபைபர் பறைக்கு மாறிவிட்டன. மழையிலும் அடிக்கலாம், தூக்கவும் லேசு. ஆனால், தோலில் வரும் கனம் அதில் வராது என்று சொல்லி, பழைய ஆட்கள் இன்னும் மாட்டுத் தோலைத்தான் தேடுகிறார்கள்.